வேன் கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர்: எத்தனை சதவீதம், எந்தக் கண்ணாடிக்கு?

கேள்வி: பள்ளத்தூர் வாசகர், 5 மே 2024

அண்ணே, பழைய வேன் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஓட்டுநரோடு சேர்த்துப் பதின்மூன்று இருக்கை. ஆனியில் தங்கை கல்யாணம். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பங்காளிகள் வருகிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருவர். வெள்ளிச் சாமான்களும் இதே வண்டியில்தான் போய்வரும். வெளியிலிருந்து உள்ளே தெரியக்கூடாது. கடைக்காரர் 20 சதவீத ஸ்டிக்கரைச் சுற்றிலும் ஒட்டிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். அப்பச்சி முன்கதவுக்கும் சேர்த்தே ஒட்டச் சொல்கிறார். அப்பத்தாவோ, "காசு கொடுத்து வண்டி வாங்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்து போவானேன், கோபுரம் தெரிய வேண்டாமா" என்கிறார். எத்தனை சதவீதம் சரியாக இருக்கும்?

5 மே 2024, இரவு

அப்பத்தா சொல்வதைக் கேளுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன். விடியற்காலையில் திருச்சி விமான நிலையத்தில் ஆள் ஏற்ற வேண்டும்.

6 மே 2024

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், அது சிறியது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம். சொந்த வண்டி, வாடகை வண்டி என்ற பேதமெல்லாம் இதில் இல்லை.

அப்படியானால் 50 சதவீத ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளலாமே என்று உடனே கேட்பீர்கள். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அந்தக் கதவையும் சாத்திவிட்டது. எத்தனை சதவீதமானாலும் கண்ணாடியின் மேல் கறுப்பு ஃபிலிமோ வேறு பொருளோ ஒட்டக்கூடாது. அந்த 70, 50 என்ற கணக்கு கண்ணாடி ஆலையிலிருந்து வரும்போதே இருக்க வேண்டிய கணக்கு என்பது தீர்ப்பு. அந்த ஆண்டு மே மாதம் முதல் நடைமுறை. அப்போது கல்லூரிச் சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்தி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்பவரிடம், கேட்டால் அபராதத்தை நீங்கள் கட்டுவீர்களா என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1500 ரூபாய் வரை. பணம் பெரிதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பின்னால் இரண்டு வண்டியில் காத்திருக்க, நடுச்சாலையில் நின்று ஸ்டிக்கர் உரிப்பதுதான் பெரிது.

6 மே 2024, மாலை

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: "எங்கள் ஊரில் எல்லோரும் ஒட்டியிருக்கிறார்களே?" ஆம், ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொருவர்: "நீங்கள் ஓட்டுவது மஞ்சள் பலகை வண்டி, அதனால் பயப்படுகிறீர்கள்." உண்மைதான். எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு, போகும்போது வாகன ஆய்வாளர் முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கிறார். எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கொரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். ஒவ்வொரு முறையும் உரித்து ஒட்ட எனக்குக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை.

11 மே 2024

சதவீதம் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. 20 சதவீத ஸ்டிக்கர் என்றால் 20 சதவீதம் கறுப்பு என்று நினைக்கிறார்கள். அது உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு. எண் குறையக் குறைய இருட்டு கூடும்.

அடுத்தது, ஸ்டிக்கரின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் வேனின் கண்ணாடி ஏற்கெனவே வெறும் கண்ணாடி இல்லை. அதன் விளிம்பைப் பாருங்கள், பச்சை தெரியும். கண்ணாடிக் கலவையில் இரும்பு சேர்த்திருக்கிறார்கள். வெப்பத்தில் ஒரு பங்கை அது விழுங்கிக்கொள்கிறது, கூடவே கொஞ்சம் வெளிச்சத்தையும். எனக்குத் தெரிந்த கடையில் ஒளி அளக்கும் கருவி இருக்கிறது. உள்ளங்கை அகலப் பெட்டி, நடுவே ஒரு பிளவு. கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன் மேல் விளிம்பில் பிளவைச் செருகினால் எண் வந்துவிடும். வேனின் நடுப்பகுதிக் கண்ணாடிகள் ரப்பரில் பதிந்தவை, இறங்காது. அவற்றுக்கு இரண்டு துண்டாக வரும் கருவி வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இடையில் கண்ணாடி, காந்தம் பிடித்துக்கொள்ளும்.

என் வண்டியின் பக்கக் கண்ணாடி 74 காட்டியது. ஸ்டிக்கர் இல்லாமலேயே. அதன் மேல் 70 சதவீத ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 74இல் 70 பங்கு, அதாவது 52க்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி 74 இல்லாமல் 70 ஆக இருந்தால் 49. விதியின் கோட்டைத் தாண்டியாயிற்று, அதுவும் ஏறக்குறைய நிறமே தெரியாத ஒரு ஸ்டிக்கரால். உங்கள் கடைக்காரரின் 20ஐப் போட்டால் 15 கூட நிற்காது. ஏறக்குறைய ஆறு பங்கு வெளிச்சம் வெளியே நிற்க ஒரு பங்கு உள்ளே வரும்.

11 மே 2024, சிறிது நேரம் கழித்து

"அந்தக் கருவி காவலர்களிடம் இருக்கிறதா?" என்று ஒருவர். பெரும்பாலும் கண்ணால்தான் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவரின் முகம் தெரியாவிட்டால் ஓரம் கட்டச் சொல்கிறார்கள். கருவி இல்லாதது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்க வேண்டாம். கண்ணோடு வாதாட முடியாது.

19 மே 2024

அக்னி நட்சத்திரம் நடக்கிறது. நேற்று ஒன்பது கோயில் சுற்றும் குடும்பத்தை ஏற்றியிருந்தேன். இளையாத்தங்குடியில் ஆரம்பித்து, மாத்தூர், வைரவன்கோயில் என்று போய், இரணியூரில் தரிசனம் முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தால் இருக்கை உறை சுடுகிறது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கறுப்புக் கண்ணாடி இருந்தால் நன்றாக இருக்குமே."

இங்கேதான் நான் முரண்படுகிறேன். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் தடுக்கக் கறுப்பு நிறம் தேவையில்லை. சாயம் ஏற்றிய மலிவு ஸ்டிக்கர் வெளிச்சத்தைத்தான் மறைக்கிறது. சூட்டைத் தானே விழுங்கி, தானும் கண்ணாடியும் காய்ந்து, அதில் ஒரு பங்கை உள்ளே திருப்பித் தருகிறது. இரண்டு மூன்று கோடை கடந்தால் சாயம் வெளுத்துக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். ஊருக்குள் ஊதா நிறக் கண்ணாடியோடு திரியும் பழைய ஆம்னி வேன்கள் எல்லாம் ஒரு காலத்தில் கறுப்பாக ஒட்டியவைதான்.

உலோகம் பூசியது சூட்டைத் திருப்பி அனுப்பும். ஆனால் முன்கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டாக் அட்டையின் அலைவரிசையை மறிக்கக்கூடும்; லெம்பலக்குடி சுங்கச்சாவடியில் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்து உங்களுக்கு அதைத் தெரிவிப்பார்கள். செராமிக் வகைதான் நிறம் கூட்டாமல் அகச்சிவப்பைப் பிடிக்கிறது. விலை பல மடங்கு.

கடையில் ஒரு வித்தை காட்டுவார்கள். சிவப்பாக எரியும் வெப்ப விளக்கின் முன் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, பின்னால் உங்கள் கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது. அசந்துபோய்ப் பணத்தை எடுப்பீர்கள். அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு மட்டும், வெயில் அப்படியல்ல. அதோடு, கண்ணாடித் துண்டு காய்வதற்கு முன்பே விளக்கை அணைத்துவிடுவார்கள். இன்னும் பத்து நிமிடம் எரியட்டும் என்று சொல்லிப் பாருங்கள். அகச்சிவப்பை 97 சதவீதம் தடுக்கும் என்று அச்சடித்திருப்பதைத் தள்ளிவிட்டு, மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கும் என்ற எண்ணைக் கேளுங்கள். அது எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும், அதனால்தான் சிறிய எழுத்தில் போடுகிறார்கள்.

சூடுதான் பிரச்சினை என்றால் நிழலில் நிறுத்துவதும், ஆட்கள் ஏறுமுன் இரு கதவையும் திறந்து வைத்து உள்காற்றை வெளியேற்றுவதும், ஏ.சி. வாயுவைச் சரிபார்ப்பதும் முதலில். பிள்ளையார்பட்டியில் வேப்பமர நிழலுக்காக வேன் ஓட்டுநர்கள் போடும் சண்டையைப் பார்த்திருக்கிறீர்களா?

20 மே 2024

கானாடுகாத்தானிலிருந்து ஒரு மருத்துவர் சேர்த்திருக்கிறார்: முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுக்கும். பக்கக் கண்ணாடி வெறும் கடினக் கண்ணாடி. புற ஊதாவில் ஒரு வகையைத் தாராளமாக உள்ளே விடும். ஓட்டுநர்களின் வலக்கை கறுப்பதற்கு இதுதான் காரணம் என்கிறார். என் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை. முழுக்கைச் சட்டை போடுகிறேன் டாக்டர்.

2 ஜூன் 2024

பள்ளத்தூர்த் தம்பி மறுபடி கேட்கிறார்: "சூட்டை விடுங்கள் அண்ணே, நான் கேட்டது மறைவு."

சரி. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் மரப்பட்டை அடுக்கிய சன்னல் இருக்கிறதே, பகலில் உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து உள்ளே யாரென்று தெரியாது. உள்ளே இருட்டு, வெளியே வெயில். பொழுது சாய்ந்து முகப்பில் விளக்கு போட்டால் கதை தலைகீழ். கறுப்பு ஸ்டிக்கரும் இதே கதைதான். பகலில் மறைக்கும். இரவில் குழந்தை அழுகிறதென்று உள்விளக்கைப் போட்டீர்களோ, 20 சதவீதமானாலும் உள்ளிருப்பவர்கள் வெளியே தெரிவார்கள்; வெளியே இருப்பவர்தான் உங்களுக்குத் தெரியமாட்டார். கல்யாணப் பயணம் எல்லாம் விடியுமுன்னும் இருட்டிய பின்னும்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மறைவு, வேண்டிய நேரத்தில் இருக்காது.

ஆகவே என் யோசனை திரை. நடு இருக்கைகளுக்கும் பின் இருக்கைகளுக்கும் மேலும் கீழும் கம்பி வைத்த துணித்திரை. வேண்டும்போது இழுக்கலாம், கோபுரம் வரும்போது அப்பத்தா தள்ளிவிடலாம். கைக்குழந்தைக்காரிகளுக்கு ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள வரிசை. அங்கே இருப்பவர்கள் முன்னாலிருந்தும் தெரியமாட்டார்கள், குலுக்கலும் குறைவு. வெள்ளிச் சாமானுக்குக் கண்ணாடியே தேவையில்லை. இருக்கைக்கு அடியில் வைத்துப் பழைய ஜமுக்காளத்தைப் போடுங்கள். சுற்றிலும் கறுப்பு ஒட்டிய வண்டி நின்றால்தான் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஓட்டுநருக்கு இருபுறமும் உள்ள கதவுக் கண்ணாடி, முன்கண்ணாடி, பின்கண்ணாடி: இவற்றில் எதையும் ஒட்டவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம். அப்பச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

3 ஜூன் 2024

"அப்பச்சி கேட்கிறார், இவர் யார் என்று." ஓட்டுபவன்.

30 ஜூன் 2024

கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். திரை கொல்லத் தெருவில் தைத்தார்களாம், பழுப்பு நிறத்தில். சிங்கப்பூர்ப் பேரன் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பிடுங்கிவிட்டானாம். கீழ்க்கம்பி தளர்ந்தால் திரை காற்றில் பறந்து ஓட்டுநர் கண்ணாடிப் பக்கம் வரும், உடனே திருகாணியை மாற்றுங்கள்.

15 செப்டம்பர் 2024

நான்கு பேர் ஒரே செய்தியை அனுப்பிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் இந்த வாரம் தீர்ப்பளித்திருக்கிறது: 2020இல் விதியைத் திருத்தியபோது, உட்புறம் பிளாஸ்டிக் படலம் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியையும் அனுமதித்திருக்கிறார்கள், ஆகவே 70, 50 என்ற அளவுக்குள் இருக்கும் ஃபிலிமை ஒட்டியதற்காக அபராதம் போட முடியாது. திருத்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

மே 6ஆம் தேதி நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ஆனால் கொண்டாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதி கிடைத்தது வெளிர் நிறத்துக்கு. பக்கக் கண்ணாடியில் கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து 50க்குக் கீழே போகக்கூடாது. அதாவது மேலே போட்ட பெருக்கல் கணக்கு இப்போதுதான் உண்மையில் பயன்படும். கறுப்பு ஸ்டிக்கருக்கு அந்தத் தீர்ப்பிலும் இடமில்லை. மேலும் அது கேரளத்து நீதிமன்றம். திருமயத்தில் வண்டியை மறிக்கும் காவலரிடம் கேரளத் தீர்ப்பை அலைபேசியில் காட்டி வாதாட நினைப்பவர், பயணிகளை ஏற்றிக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம்.

செராமிக் வெளிர் ஃபிலிம் பற்றி என் மனம் சற்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு வெயில் படும் பக்கத்து நடுக் கண்ணாடிகளுக்கு மட்டும் ஒட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். எஃப்.சி. முடியட்டும்.

24 நவம்பர் 2024

மாலை போட்டவர்கள் கவனத்துக்கு. சபரிமலைக்கு வேன் எடுக்கிறவர்கள் பக்கத் திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு எல்லை தாண்டுங்கள். 2021 ஜனவரியில் கேரளப் போக்குவரத்துத் துறை 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்று பெயர் வைத்தே திரை, கறுப்பு ஃபிலிம் இரண்டையும் பிடித்தது. திரையைப் பரிந்துரைத்தவன் நான் என்பதால் இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

குமுளி வழியா, செங்கோட்டை வழியா என்று கேட்காதீர்கள், அது வேறு சண்டை.

12 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்தது. காவடிக்காரர்கள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் என்று பழனிக்கு நடக்கும் நாட்களில் அந்தச் சாலையில் இரவு வண்டி ஓட்டியவர்களுக்கு, நான் ஏன் முன்கதவுக் கண்ணாடியைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்று மணி. சாலையின் இடது ஓரத்தில் சாரை சாரையாக ஆட்கள். சிலர் முதுகில் மின்னும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள், பலர் இல்லை. காவி வேட்டி, பச்சை வேட்டி, தோளில் போர்வை, எல்லாம் இருட்டோடு இருட்டாக. எதிரே பஸ் வந்தால் அதன் விளக்கில் கண் கூசி, அது கடந்ததும் ஒரு நொடி ஒன்றுமே தெரியாது. நேர் எதிரில் இருப்பவரை முகப்பு விளக்கு காட்டிவிடும். கால் வலியில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரையும், தண்ணீர்ப் பந்தலிலிருந்து சட்டென்று குறுக்கே வருபவரையும் பக்கக் கண்ணாடி வழியாகத்தான் பிடிக்க வேண்டும். வெளிப்புறக் கண்ணாடியையும் அதே கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். கதவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் பின்னால் வருபவரும் சேர்ந்தே இருட்டாகிவிடுகிறார்.

இதில் வயதும் சேர்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்கி, கண் வில்லையும் பழுத்துவிடுகிறது. நம் பக்கத்து வேன் ஓட்டுநர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கண் ஏற்கெனவே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று அவிழ்த்துவிட்ட காளை சாலைக்கு வந்த கதையையும் எழுதலாம். அது பகலில் நடந்தது, கண்ணாடியும் இறக்கியிருந்தேன், ஆகவே இந்த விஷயத்தில் சேராது. காளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

13 பிப்ரவரி 2025

"பின்கண்ணாடிக்கு மட்டுமாவது?" வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு. ஆட்களை முகப்பில் இறக்கிவிட்டு, சாமானைப் பின்கட்டில் இறக்க ரிவர்ஸில்தான் போக வேண்டியிருக்கும். பின்விளக்கு கொடுக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் ஸ்டிக்கர் தின்றுவிட்டால், திண்ணை ஓரக் கல்லை வண்டி இடித்துத்தான் கண்டுபிடிக்கும். கேமரா இருக்கிறது என்கிறீர்களா? செம்மண் புழுதியில் அந்தக் கேமராவை எத்தனை பேர் துடைக்கிறீர்கள்?

9 மார்ச் 2025

எஃப்.சி. முடிந்தது. சாயும் வெயில் படும் பக்கத்து நடுக் கண்ணாடிகளுக்குச் செராமிக் வெளிர் ஃபிலிம் ஒட்டினேன். கருவியில் 53. வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியதே தெரியவில்லை. மாலையில் அந்தப் பக்கம் உட்கார்பவர்கள் திரையை இழுப்பது குறைந்திருக்கிறது. அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை. அபராதம் போட்டால் கட்டிவிட்டு உரிப்பேன், அதையும் எழுதுகிறேன்.

ஒட்டும்போது கவனித்தது: சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை வைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளுகிறார்கள். எங்கள் ஊர்ப் புழுதியில் ஒரு மணல் துகள் உள்ளே போனால் அது மிளகளவு குமிழாக நிற்கும். கதவடைத்த கொட்டகையில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஒட்டும் கடையைத் தேடுங்கள். தெருவோரம் வேண்டாம்.

இன்னொன்று, அவசர வழியாக இருக்கும் கண்ணாடிக்கு எதையும் ஒட்டவிடவில்லை. கடினக் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டினால் பொடிப்பொடியாக உதிரும், அதுதான் அதன் குணம். ஃபிலிம் ஒட்டினால் உடைந்தும் உதிராமல் துணிபோல் தொங்கும். நம் ஊர்ச் சாலைகளில் எத்தனை ஊருணிகளுக்குத் தடுப்புச் சுவர் இல்லை என்று பகலில் ஒருமுறை பார்த்துக்கொண்டே போங்கள்.

10 மார்ச் 2025

பழைய ஸ்டிக்கரை எப்படி உரிப்பது என்று கேட்டவருக்கு: பிளேடு வைக்காதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் ஒரு மூலையைச் சூடாக்கி, மெதுவாக, ஒரே இழுப்பாக. பசை மிஞ்சினால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அரை மணி போட்டுவையுங்கள். பின்கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடினால் அவை பனிநீர் போக்கும் கம்பிகள், சுரண்டினால் போயிற்று.

பள்ளத்தூர்த் தம்பிக்கு: பழுப்புத் திரை வெளுத்துவிட்டது என்றால் உள்பக்கம் கறுப்புத் துணி கொடுத்து இரட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். கீழ்க்கம்பிக்கு ஸ்பிரிங் வேண்டாம், கெட்டிக் கம்பி.